கோடை உழவு

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் தை, மாசித் திங்களில் அறுவடை முடிகிறது. நெல் வீடு சேர்ந்ததும் கலப்பை ஓய்வு கொள்கிறது. அணையில் நீர் திறக்கும் வரையிலோ, புரட்டாசி மழை பெய்யும் வரையிலோ நிலத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை என உழவர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பொருந்துவதன்று. அடுத்த விளைச்சலுக்கு அடிப்படை இடும் காலம் கோடையே ஆகும்.

மதுரை வட்டாரத்தின் வேளாண்மை நீரை நம்பியது. 1895ஆம் ஆண்டில் பெரியாற்று அணையும், 1959ஆம் ஆண்டில் வைகை அணையும் பயன்பாட்டிற்கு வந்தன. அவற்றின் நீரால் பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள வயல்கள் இருபோகமும், மேலூர்ப் பக்கத்து வயல்கள் ஒருபோகமும் விளைகின்றன. ஆயினும், அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் கால்வாய் நீர் காலந்தாழ்ந்தே வரும். பேரையூர்ப் பக்கத்துக் கரிசற் காடுகளோ வானம் பார்த்த பூமி. இத்தகைய நாட்டில் சித்திரையில் பெய்யும் கோடை மழையை வீணாக்கலாமா? இறுகிக் கிடக்கும் நிலத்தில் விழும் மழை, மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். சரிவுக்குக் குறுக்காக உழுத நிலத்திலோ, ஒவ்வோர் உழவுசாலும் சிறு வரப்பாக நின்று நீரை மண்ணுள் இறக்கும்.

பயிரின் பகைவரும் மண்ணிலேயே உறங்குகின்றனர். நெல்லின் தண்டு துளைப்பான் அறுத்த தாளின் அடிக்கட்டையில் தங்கும். 2018ஆம் ஆண்டில் இந்தியாவிற்குள் நுழைந்து மக்காச்சோளத்தைப் பாழாக்கிய படைப்புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக மாறும். ஆழ உழுதால் அவை மேலே புரண்டு வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். கோரைக் கிழங்கும் வெளிப்பட்டுக் காயும். பின்னர் மருந்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி இதனால் மிஞ்சும்.

உழுதால் உள்ள ஈரமும் போய்விடும் என்பர் சிலர். கரிசல் நிலம் உழாவிடினும் வெடிக்கும். அவ்வெடிப்புகளின் வழியே அடிமண்ணின் ஈரமும் ஆவியாகும். உழவு அவ்வெடிப்புகளை மூடிவிடுகிறது. எனினும், எந்நிலத்தையும் எந்நாளிலும் உழலாம் என்பதன்று. சேறான களிமண்ணை உழுதால் பாளம் பாளமாக இறுகும். மணற்பாங்கான நிலத்தைத் தூளாக்கினால் ஆடிக்காற்று அதனை வாரிச் செல்லும். மழைக்குப்பின் பதம் பார்த்து உழுது, கட்டிகளை உடைக்காமல் விடுதலே தக்கது.

உழவுக் கூலி சிறு உழவருக்குச் சுமையே என்பதில் ஐயமில்லை. ஆனால், அதே கோடையில் கூலிச் செலவைக் கடந்த ஊதியம் தரும் வேறு பணிகளும் உண்டு. கோடை ஈரத்தில் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், அது காற்றின் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். வறண்ட கண்மாயின் வண்டலை உரிய அனுமதி பெற்று வயலில் இட்டால், மண்ணும் வளம் பெறும். கண்மாயும் ஆழம் பெறும். தாளைக் கொளுத்துவதோ உரத்தைக் கொளுத்துவதேயாகும்.

புழுதியை நன்கு உணக்கினால் பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்னும் கருத்தை வள்ளுவர் உழவு அதிகாரத்தில் கூறியுள்ளார். சித்திரையில் பொன்னேர் பூட்டும் வழக்கமும் தென்னாட்டில் உண்டு. அதனைச் சடங்காக மட்டும் நடத்திவிட்டு ஏரைச் சாய்த்து வைப்பதால் பயனில்லை. அன்று தொடங்கிய உழவைத் தொடர்ந்து செய்பவரின் வயலே, நீர் வரும் நாளில் விதைப்பை ஏற்கக் காத்திருக்கும்.