வேட்டைக்கு வழி கேட்ட பேரனுக்கு

போன மாதம் சேந்தமங்கலம் பக்கம் ஒரு காதுகுத்து. சாப்பிட்டு முடித்துப் பந்தல் நிழலில் நாலைந்து கிழங்கள் உட்கார்ந்திருந்தோம். என் பால்ய நண்பனின் பேரன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன், செல்போனை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான். அமெரிக்காவில் கொலராடோ மலையில் ஒருவர் எல்க் என்கிற பெரிய மானைச் சுடும் வீடியோ.

"ஏனுங்க தாத்தா, அங்கெல்லாம் அரசாங்கக் காட்டுலயே புதுசா வர்றவனும் சுடலாமாம். இளங்கிடாவாப் பார்த்து அடிச்சா கறியும் நல்லா இருக்குமாம். நீங்களும் எங்க தாத்தாவும் கொல்லிமலை அடிவாரத்துல கடமான் அடிச்சீங்களாமே, எந்தப் பக்கமாப் போனீங்க? ஒரே ஒரு தடவை நாங்களும் போய்ப் பார்க்கலாம்னு இருக்கோம்."

அவன் தாத்தா மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. "அப்புறம் சொல்றேன் கண்ணு" என்று நழுவிவிட்டேன். அந்த அப்புறம்தான் இது. அவனுக்கு மட்டும் அல்ல, என் வயதுக்காரர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த எல்க் கதையைப் பார்த்துவிடுவோம். வெள்ளைக்காரத் துரைகள் நீலகிரியிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் எல்க் என்று கூப்பிட்டது நம் கடமானைத்தான். ஊட்டியில் எல்க்ஹில் முருகன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அமெரிக்க எல்க் வேறு இனம். ஆனால் பேரன் கேட்ட கேள்வி நமக்குப் புதிதல்ல.

அந்த வீடியோவில் வராத சங்கதிகள் சில உண்டு. கொலராடோவில் 1949 முதல் பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் உரிமச்சீட்டு வாங்க முடியாது. 1951இல் பிறந்த எனக்கே அந்த விதி பொருந்தும். எந்த மலையில், எந்த வாரத்தில், எத்தனை சீட்டு என்பதை மாநில வனவிலங்குத் துறை கணக்குப் பார்த்து முடிவு செய்கிறது. பேரன் ஆசைப்படும் இளங்கிடாவை அங்கே பெரும்பாலான பகுதிகளில் தொடவே கூடாது. கொம்பில் ஒரு பக்கம் நான்கு முனையாவது இருக்க வேண்டும், அல்லது நெற்றிக்கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். யூட்டா மாநிலத்தில் கிளைவிடாத குச்சிக்கொம்புக் கிடாவுக்குச் சீட்டு உண்டு. அதற்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு. சுட்ட கறியைக் காட்டில் அழுக விட்டால் தண்டனை. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வரி பிடித்து வனவிலங்குக்கே செலவழிக்க 1937இலேயே சட்டம் போட்டார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே போன எல்க், இன்று அந்தக் கண்டத்தில் சுமார் பத்து லட்சம்.

இதில் எது இருக்கிறது நம்மிடம்? தலையில் கட்டும் டார்ச்சும், இரண்டு பைக்கும், யாரோ கொடுத்த நாட்டுத் துப்பாக்கியும்தான்.

"அரசாங்கக் காடு பொதுச்சொத்துதானே" என்று நீ கேட்பாய் கண்ணு. நம் ஊர் ஏரியும் பொதுச்சொத்துதான். மீனை ஏலம் விட்டுத்தான் பிடிக்கிறார்கள். ராத்திரியில் தனியாக வலை வீசுகிறவனுக்கு ஊர் வைக்கிற பெயர் திருடன். பொது என்றால் எடுத்துக்கொள்ள எல்லாருக்கும் உரிமை என்று அர்த்தம் இல்லை. எடுக்காதவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று அர்த்தம்.

இன்னொன்று. நம் மலைகள் கொலராடோ மலைகள் அல்ல. கொல்லிமலை, போதமலை, சேர்வராயன் மலை, ஜருகுமலை எல்லாம் சமவெளியில் தனித்தனியாக நிற்கிற தீவுகள். நடுவே மரவள்ளிக் காடு, கோழிப்பண்ணை, நாலுவழிச் சாலை. கடமான் ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும், அதுவும் எட்டு மாதம் சுமந்து. ஒரு தீவில் இருப்பதை அடித்துத் தீர்த்தால் பக்கத்து மலையிலிருந்து எதுவும் வந்து இடத்தை நிரப்பாது. நெடுஞ்சாலையைத் தாண்டி எந்த மான் குடியேறும்?

இனி, உன் தாத்தா சொன்ன கதைக்கு வருகிறேன். அதில் பாதிதான் உன் காதுக்கு வந்திருக்கிறது.

1970, தை மாதம். எனக்குப் பத்தொன்பது வயது; பி.யு.சி. முடித்திருந்தேன். காரவள்ளிக்கு மேலே ஒரு சரிவு. நாங்கள் நாலு பேர். பயிர்க்காவலுக்காக லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று, அஞ்சு பேட்டரி டார்ச் ஒன்று. லைசென்ஸ் துப்பாக்கிக்குத்தான், வேட்டைக்கு அல்ல. அன்றைக்கும் காப்புக்காட்டில் அனுமதியின்றிச் சுடுவது குற்றம். எங்களுக்கும் அது தெரியும். வெளிச்சத்தில் இரண்டு கண்கள் பளிச்சென்றன. பெரிய கிடாவாக இருந்தால் அப்போதே ஓடியிருக்கும். இளங்கன்று பயமறியாது என்பார்களே, அது அப்படியே நின்று பார்த்தது. வெடித்தோம். பாய்ந்து இருட்டுக்குள் போய்விட்டது.

விடிந்த பிறகு ரத்தச் சொட்டைப் பிடித்துக்கொண்டு போனோம். வறண்ட ஓடையில் கிடந்தது. வயிற்றில் பட்டிருந்தது. உயிர் இருந்தது. கொம்பு இரண்டும் கிளைவிடாமல் குச்சியாக, ஒரு சாண் நீளம். இன்னொரு தோட்டா வீண் என்று பெரியவர் அரிவாளை எடுத்தார். குடல் கிழிந்து பாதிக் கறி நாறிப்போயிருந்தது. மீதியை ஏழு வீட்டுக்குப் பங்கிட்டோம். அதற்குப் பிறகு அந்தச் சரிவில் நான் கடமானைப் பார்த்ததில்லை.

ஊருக்குள் வந்து நாங்கள் சொன்னது "ஒரே வெடி, சுருண்டு விழுந்துச்சு" என்பது. ஐம்பத்தைந்து வருடமாக அந்தப் பொய்யைத்தான் சொல்லி வருகிறோம்.

நானும்தான். முப்பத்திரண்டு வருடம் தமிழாசிரியராக இருந்தேன். வல்வில் ஓரியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் இந்தக் கதையைத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி சேர்ப்பேன். பையன்கள் வாய் பிளந்து கேட்பார்கள். அவர்களில் ஒருவன் பிற்பாடு பன்றிக்கு அவுட்டுக்காய் வைக்கப் போய், அது கையிலேயே வெடித்து மூன்று விரல்களை இழந்தான். என் கதையைக் கேட்டுத்தான் போனான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று முன்பெஞ்சில் சிரித்துக் கேட்டவன் அவன்.

"ஓரி பிறந்த மண், வேட்டை நம் பாரம்பரியம்" என்கிறார்கள். புறநானூற்றில் வன்பரணர் பாடியதை முழுசாகப் படித்துவிட்டுப் பேசட்டும். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்திய வேட்டுவன், தன் பெயரைப் பாணர்கள் புகழக் கேட்டு நாணுகிறான். கறியும் பொன்னும் கொடுத்து அனுப்புகிறான். அவன் வெட்கப்பட்டான். நாம் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போடுகிறோம். அந்தக் கொல்லிமலையில் இன்று புலியும் இல்லை, யானையும் இல்லை.

வாழப்பாடிப் பக்கம் சின்னமநாயக்கன்பாளையத்தில் பொங்கலுக்கு வங்காநரி பிடிக்கும் வழக்கம் உண்டு. நரி முகத்தில் விழித்தால் விளைச்சல் பெருகும் என்ற நம்பிக்கை. ஊர்வலம் விட்டு, உயிரோடு காட்டிலேயே திரும்ப விட்டுவிடுவார்கள். அதற்கே வனத்துறை தடை போட்டு அபராதம் விதிக்கிறது. உயிரோடு விடுகிற பாரம்பரியத்துக்கே இந்தக் கதி என்றால், கொன்று தின்கிறதற்குப் பாரம்பரியம் என்று பெயர் சூட்டினால் செல்லுமா?

ஒரு நியாயத்தை மறுக்க மாட்டேன். கடலையும் மரவள்ளியும் போட்டுவிட்டுப் பன்றிக்கு ராத்திரி முழுக்கக் காவல் இருக்கிற விவசாயியின் வயிற்றெரிச்சல் உண்மை. அதற்காகத்தான் 2025 தொடக்கத்தில், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று அரசு அறிவித்தது. அது போதாது, இழப்பீடு சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று சண்டை போடுங்கள். நானும் கூட வருகிறேன். அந்த விவசாயியின் கஷ்டத்தைச் சாக்காக வைத்துப் பெங்களூர்ப் பையன்கள் மானடிக்கப் போவது வேறு கதை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முயல் வரைக்கும் காவல் உண்டு. சாதாரணக் குற்றத்துக்கே மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் அட்டவணை விலங்கு என்றால் ஏழு வருடம் வரை போகும். பைக்கும் பறிமுதலாகும். ஆனால் மாட்டுவது யார்? கண்ணி வைத்த கூலிக்காரன். "காட்டுக்கறி கிடைக்குமா" என்று சொல்லி அனுப்பிய பெரிய மனிதர் ஜெயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. கேட்கிற வாய் இல்லாவிட்டால் கண்ணி வைக்கிற கை எதற்கு?

ஆக, புதிதாக வேட்டைக்குப் போக நினைக்கும் உனக்கு என் யோசனை இதுதான் கண்ணு: போகாதே. மலையைப் பார்க்க வேண்டும் என்றால் வா, இந்த முழங்கால் வலியோடு நானும் வருகிறேன். விடியக்காலையில் ரோட்டோரம் நின்று எது நடக்கிறது, எது கத்துகிறது என்று பார்ப்போம்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த தடவை பேரப்பிள்ளைகளிடம் வேட்டைக்கதை சொன்னால் ஓடை வரைக்கும் சொல்லுங்கள். அரிவாளையும் சொல்லுங்கள், நாறிப்போன பாதிக் கறியையும் சொல்லுங்கள். அதைச் சொல்ல வாய் வரவில்லையா? முன்பாதியையும் சொல்லாதீர்கள். வரும் பொங்கலுக்கு யார் வீட்டிலாவது இலையில் காட்டுக்கறி விழுந்தால், வயதைப் பார்க்காமல் எழுந்து வந்துவிடுங்கள். பந்தியில் ஒரு கிழவன் எழுந்தால் நாலு பேர் கேட்பார்கள், ஏன் என்று. அப்போது சொல்லுங்கள்.