பத்திரத்தோடு குழாய் வரைபடமும் கைமாறட்டும்

வீடு வாங்குகிறவர் 30 ஆண்டு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். மூலப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார். பட்டா மாற்ற அலைகிறார். மண்ணுக்கடியில் ஓடும் குழாய்க்கு மட்டும் ஒரு காகிதமும் கேட்பதில்லை. சம்பும் மேல்தொட்டியும் மட்டும் உள்ள வீட்டில் பிளம்பர் பார்த்த மாத்திரத்தில் ஊகித்துவிடுவார். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நீச்சல் குளமும் வெந்நீர் ஸ்பாவும் சேர்ந்த வீட்டை வாங்கியவருக்கு அந்த ஊகம் போதாது. பம்ப் அறையில் பெயர் எழுதாத ஏழெட்டு வால்வுகள் இருக்கும். எது எதற்கு என்று தெரிந்தவர் வீட்டை விற்றுவிட்டுப் போயிருப்பார். ஆகவே குழாய் வரைபடமும் கிரயத்தின் ஒரு பகுதியாக வேண்டும்.

பல வீடுகளில் குளத்துக்கும் ஸ்பாவுக்கும் பம்ப் ஒன்றுதான். மேல்நீரை இழுக்கும் ஸ்கிம்மர், குளத்தின் அடித்துவாரம், ஸ்பாவின் அடித்துவாரம் மூன்றிலிருந்தும் வரும் நீர் ஃபில்டர் வழியே திரும்புகிறது. வழியை மாற்றுவது வால்வு. இழுக்கும் பக்கம் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் பம்ப் வறண்டு ஓடி சீல் கருகும். உயரத்தில் உள்ள ஸ்பாவின் ஒருவழி வால்வு பழுதானால், பம்ப் நின்றதும் ஸ்பா நீர் குளத்துக்கு இறங்கிவிடும். புது உரிமையாளர் கசிவென்று நினைத்து டைல்ஸை உடைப்பார். இவையெல்லாம் பணத்தோடு போகும். ஸ்கிம்மரை மூடி, முழு இழுவிசையையும் ஒரே அடித்துவாரத்தின்மேல் விடுவதுதான் உயிருக்கே ஆபத்து. அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி 2002இல் ஒரு ஸ்பாவின் அடித்துவாரம் இழுத்துப் பிடித்ததில் இறந்தாள். அவள் பெயரிலேயே 2007இல் அங்கு சட்டம் வந்தது. இழுத்துப் பிடிக்காத மூடிகள் கட்டாயமாயின. தன் குளத்தில் துவாரம் ஒன்றா இரண்டா, எந்த வால்வு அதற்கு என்பதே தெரியாதவர் எதைச் சரிபார்ப்பார்?

நல்ல ஆள் கிடைத்தால் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவாரே என்பார்கள். உண்மைதான், ஒவ்வொரு வால்வாக மூடித் திறந்தால் எது எங்கே போகிறது என்பது தெரியும். ஆனால் கான்கிரீட்டுக்குள் குழாய் எங்கே திரும்புகிறது என்பதை வால்வு சொல்லாது. 10 மீட்டருக்கு 5 மீட்டர் குளத்தில் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் 500 லிட்டர் போய்விட்டது என்று பொருள். அதில் வெயில் குடித்தது எவ்வளவு என்பதைக் குளத்துப் படியில் ஒரு வாளி நீரை வைத்து ஒப்பிட்டு அறியலாம். பம்ப் ஓடும்போது அதிகம் குறைந்தால் திரும்பும் குழாயைச் சந்தேகிக்கலாம். அதற்குமேல் எங்கே தோண்டுவது என்பதற்கு வரைபடம்தான் வேண்டும்.

விற்பவருக்கே தெரியாதே என்பது இன்னொரு மறுப்பு. தெரியாவிட்டால் விலையில் அது தெரியட்டும். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், கட்டுநர் ஆவணங்களையும் வரைபடங்களையும் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைக்கச் சொல்கிறது. தனிநபர் தன் பழைய வீட்டை விற்கும்போது அந்தக் கடமை இல்லை. அப்படியொரு கடமை வரும்வரை விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்: பத்திரப் பதிவுக்கு முன் விற்பவர் பம்பை ஓட்டி, வால்வு ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதித் தர வேண்டும். அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பம்ப் அறைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.