காப்புக் கட்ட ஒரு கொத்து ஆவாரம்பூ



போன போகிக்கு எங்கள் வீட்டில் காப்புக் கட்ட வேப்பிலை இருந்தது, பூளைப்பூ இருந்தது. ஆவாரம்பூதான் கிடைக்கவில்லை. தெருவுக்குப் பின்னால் இருந்த காலி மனையில்தான் வருஷா வருஷம் ஒடித்து வருவோம். அதை ஜேசிபி விட்டு மட்டமாக்கியிருந்தார்கள். கடைசியில் சந்தைக்குப் போய் ஒரு கட்டு வாங்கி வந்தேன். ஆவாரம்பூவுக்கு நான் காசு கொடுத்தது அதுவே முதல் தடவை. மனசு கேட்கவில்லை.

ரோட்டோரச் செடிதானே என்கிறீர்களா? கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் பூக்களில் ஆவிரை என்ற பெயரில் இதுவும் உண்டு. தோல் பதனிட இதன் பட்டையைத்தான் நம் ஊர்களில் காலங்காலமாக உரித்தார்கள். தெலங்கானாவுக்கு மாநிலப் பூவே இதுதான். அங்கே தங்கேடு என்பார்கள், பதுக்கம்மா பண்டிகைக்கு இது இல்லாமல் ஆகாது.

அடுத்த முறை பார்த்தால் கொஞ்சம் நின்று கவனியுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் குட்டிக் காது மாதிரி ஒரு மடல் இருக்கும். பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். பெரிய கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து உடம்பையே அதிரவைத்து மகரந்தத்தை உதிர்த்துக்கொள்ளும். அந்த ரீங்காரம் இரண்டடி தள்ளி நின்றாலும் கேட்கும்.

இன்று குளியல் பொடி, டீ என்று ஆவாரம்பூவை பாக்கெட்டில், ஆன்லைனில் வாங்குகிறோம். வாங்கலாம், தப்பில்லை. சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பவே வேண்டாம். ஆனால், பொடிக்குக் காசு கொடுக்கிற நாமே நம் மனையில் நிற்கும் செடியைக் களை என்று பிடுங்கலாமா?

மனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலையை ஆரம்பிக்கும் முன் ஜேசிபிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி, ஓரத்தில் நிற்கும் ஒரு புதரையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். தண்ணீர், உரம் எதுவும் அது கேட்காது. ஆடு மாடும் அவ்வளவாக வாய் வைக்காது.

சந்தையில் வாங்கிய கட்டில் காய்ந்த காய்கள் நாலைந்து இருந்தன. தட்டையாக, பழுப்பு நிறத்தில். விதைகளை வெந்நீரில் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, கேட் ஓரமாக ஊன்றினேன். மூன்று முளைத்தன. இப்போது முழங்கால் உயரம். இன்னும் பூக்கவில்லை. வெளிர் நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று மட்டும் நேற்று காலை வந்து, தளிரில் முட்டை வைத்துவிட்டுப் போனது.

அன்புடன்,
ஆசிரியர்