பத்திரங்கள் பத்திரமா?

2011 டிசம்பர் 30 விடியற்காலை, தானே புயலில் கம்மாபுரத்தில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன. டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர்! குழந்தையின் தடுப்பூசி அட்டை கூழாகிவிட்டது. பதற்றத்தில் ஈரப் பட்டாவை நானே பிரிக்கப்போய்க் கிழித்தேன். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் பகுதியில் காகிதம் இல்லாமல் என்ன பேச முடியும்?

அத்தை மட்டும் பதறவில்லை. கிரயப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். “கவரு ரெண்டு ரூபா, பத்திரம் போனா எத்தனை நடை நடக்கணும்மா?” என்றார்.

சகோதரிகளே, அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கண்ணாடிக் கவர். பிரிக்காமலே உள்ளே இருப்பது தெரியும். பி.வி.சி. கவர் வேண்டாம், ஜெராக்ஸ் எழுத்து அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாலிபுரொப்பிலீன் கவராகக் கேட்டு வாங்குங்கள். குண்டூசியை எடுத்துவிடுங்கள், துருப்பிடிக்கும். ஈரக் காகிதத்தை உள்ளே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பத்திரத்தை லாமினேட் செய்யவே செய்யாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது.

தப்பித்தவறி நனைந்துவிட்டால், ஒட்டிய தாள்களை இழுக்காமல் நிழலில், காற்றாட உலர்த்துங்கள்.

பரணும் வேண்டாம், தரையும் வேண்டாம். பீரோவின் நடுத்தட்டே நல்லது. ஐப்பசி மழைக்கு முன் ஒரு மத்தியானம் ஒதுக்குங்கள். என்ன, இன்றே பெட்டியைத் திறக்கிறீர்கள்தானே?