மகமை

அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பந்தல்குடி என்னும் ஊர் உள்ளது. வானம் பார்த்த பூமி, கரிசல் மண். பருத்தியும் கம்பும் சோளமும் மழையை நம்பியே விளைகின்றன. மண்ணுக்கு அடியிலோ சுண்ணாம்புக்கல் உண்டு. அக்கல் வெட்டியெடுக்கப்பட்டு, விருதுநகரை அடுத்த ஆர்.ஆர். நகர் சிமெண்டு ஆலைக்குச் செல்கிறது. கம்பு அறுத்த நிலத்தில் மறு ஆண்டும் கம்பு விளையும். கல் எடுத்த குழியில் மீண்டும் கல் விளையாது. இலாபம் ஈட்டுவதற்கு அப்பால் தொழிலுக்குக் கடமை ஏதேனும் உண்டோ என்னும் வினா இத்தகைய ஊரில் எழுவது இயல்பேயன்றோ?

கடமை இல்லை என்பாரும் உளர். சட்டத்தை மீறாது, வஞ்சனையின்றிப் போட்டியிட்டு, இலாபத்தைப் பெருக்குவதே தொழிலின் சமூகப் பொறுப்பு என்று அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மில்ட்டன் பிரீட்மன் 1970இல் வாதிட்டார். நிறுவனத்தின் பணம் பங்குதாரருடையது. பிறர் பணத்தை எடுத்து அறம் செய்ய நிருவாகிக்கு உரிமை ஏது என்பது அவர் கேள்வி. இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. நட்டமுற்று மூடப்பட்ட ஆலையினால் ஊருக்குக் கூலியும் இல்லை, வரியும் இல்லை. பிறர் பணத்தில் தம் பெயரைக் கல்லில் பொறித்துக்கொள்ளும் கொடையாளரோ எக்காலத்தும் உண்டு!

ஆயினும், இக்கரிசற் பகுதியின் வணிகர் வேறொரு கணக்கு வைத்திருந்தனர். விருதுநகர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சிவகாசி முதலிய ஊர்களில் நாடார் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டில் பேட்டைகளை அமைத்தனர். சரக்கு வண்டிகளும் மாடுகளும் அச்சமின்றித் தங்குதற்குரிய இடங்கள் அவை. விற்கும் சரக்கின்மீதும் வாங்கும் சரக்கின்மீதும் ஒரு சிறு தொகை பொதுநிதிக்குப் பெறப்பட்டது. அதற்கு மகமை என்று பெயர். அந்நிதியினால் கிணறுகளும் கோயில்களும் பள்ளிகளும் எழுந்தன. விருதுநகரில் 1889இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை அவற்றுள் ஒன்று. வீடுதோறும் எடுத்துவைத்த பிடியரிசியும் அப்பள்ளியைத் தாங்கியது. பின்னாளில் முதலமைச்சராகிப் பள்ளிகளில் மதிய உணவு அளித்த காமராசர் அங்குப் பயின்றவரே.

மகமை இலாபத்திலிருந்து கொடுக்கப்பட்டதன்று. மூட்டை கைமாறும்போதே செலுத்தப்பட்டது. வணிகன் அவ்வாண்டு இலாபம் கண்டானா என்று எவரும் கேட்டிலர். வண்டிக்கூலியைப் போல அதுவும் ஒரு செலவு. குறையும் உண்டு: அது ஓர் உறவின்முறையாரின் நிதியாதலின், அதன் பயன் முதலில் அவர்களையே சேர்ந்தது.

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பெருநிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்ல சட்டமே, ஆனால் அதன் அளவுகோல் இலாபம். இலாபம் குன்றினால் கொடையும் குன்றும். குழியின் ஆழமோ குன்றுவதில்லை. 2015இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம் மகமைக்கு நெருங்கியது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன் கணக்கில் அரசுக்கு உரிமைத்தொகை செலுத்தப்படுகிறது. அதனோடு அதன் ஒரு பகுதிக்குச் சமமான தொகை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் சேர்கிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கே அந்நிதி உரியது. அதனைக் கொண்டு குடிநீர் கொணர்வதா, பள்ளி எழுப்புவதா, மருத்துவமனை அமைப்பதா என்று தீர்மானிக்கும்போது, குழியின் கரையில் கம்பு விதைக்கும் உழவரையும் அழைத்துக் கேட்டல் வேண்டும்.