சிநேகத்தின் யோக்கியதை

இந்தியாவும் இலங்கையும் ஆதிகாலந்தொட்டு சிநேகிதர்கள் என்பதாக இரண்டு சர்க்காரும் மேடைக்கு மேடை சொல்லி வருகின்றன. அதற்குச் சாட்சி போதிமரக் கிளையும் இராமாயணமுமாம். ஒரு நாட்டார் மற்ற நாட்டைக் கொளுத்திய கதை சிநேகத்துக்கு எப்படிச் சாட்சியாகும்? கேட்டால் நாஸ்திகன் என்பார்கள்.

திருக்கோவிலூர்வாசிகளுக்கு இப்பேர்ப்பட்ட சிநேகம் புதிதல்ல. இங்கே ஆண்ட மலையமான் மரபில் ஒருவன், தோற்று ஒளிந்த சோழனை முள்ளூர் மலையில் காப்பாற்றி மீண்டும் பட்டத்தில் வைத்தான் என்று புறநானூறு கூறுகிறது. அதே நூலில் கிள்ளிவளவன் என்னும் சோழன் மலையமான் குழந்தைகளை யானைக் காலில் இடத் துணிகிறான். கோவூர்கிழார் என்ற புலவர் குறுக்கே நின்று கேட்கவேண்டியிருந்தது.

இலங்கையில் தேயிலை பயிராக்கிக் கொடுத்த தமிழ்க் கூலிகள், பெரும்பகுதி தாழ்த்தப்பட்ட வகுப்பார். 1948-ல் சட்டம் செய்து அவர்களின் பிரஜா உரிமையைப் பறித்தார்கள். அடுத்த வருஷமே ஓட்டும் போயிற்று. 1964-ல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974-ல் பாதிப் பாதியாக்கினார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் ஆடு மாட்டைப் பிரிப்பது போல! அதே வருஷந்தான் கச்சத்தீவும் இலங்கைக்குப் போயிற்று.

நாடற்று மிஞ்சியவர்களுக்கு இலங்கை பிரஜா உரிமை கொடுக்கச் சட்டம் வந்தது 2003-ல். ஐம்பத்தைந்து வருஷம்! அத்தனை வருஷமும் இரு சர்க்காரும் தங்களைச் சிநேகிதர்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தன.