குற்றமுடையார் இருவருள் ஒருவர்

உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஊர்தோறும் எழும் பேச்சு ஒன்றுண்டு: "இரண்டு பேருமே சரியில்லை; யாருக்குப் போட்டால் என்ன?" நம் நல்லம்பள்ளி ஒன்றியத்துச் சிற்றூர்களும் இதற்கு விலக்கல்ல. தலைவர் பதவிக்கு இருவர் நிற்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் சினக்காரர், படிப்புக் குறைந்தவர். மற்றவர் இன்சொல்லர், கொடையாளி, ஆனால் முன்பு பொறுப்பிலிருந்தபோது கணக்குக் கேட்டவரைப் பகைவராக எண்ணியவர். இருவரும் ஒன்றே எனக் கைவிரித்தல் எனக்கு உடன்பாடன்று.

வள்ளுவப் பெருந்தகை தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தில் குற்றமே இல்லாதாரைத் தேடி அலையச் சொல்லவில்லை. அரிய நூல்களைக் கற்றுத் தேர்ந்தாரிடத்தும், ஆராய்ந்தால், அறியாமை அறவே இல்லாதிருத்தல் அரிது என்கிறார். குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே நிறுத்து, மிகுந்தது எதுவெனக் காண்பதே அவர் காட்டும் வழி. எதனை எடைக்கல்லாகக் கொள்வது?

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. குடவோலை முறையைக் கூறும் அவை, நிலமுடைய அந்தணர் சபைக்குரியவை. பெண்டிர்க்கும் உழுகுடிகளுக்கும் அங்கு இடமில்லை. ஆதலின் அதனை முழு மக்களாட்சியென மேடைதோறும் முழங்குவது மிகையே. எனினும் ஒரு விதி கருதத்தக்கது. வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குரியர் அல்லர். ஒருவர் செய்த தவற்றுக்கு அவர் மைத்துனரையும் தடுப்பது கொடிதாகத் தோன்றலாம். பொதுப்பணம் எவ்வழியே நழுவும் என்பதை அச்சபையார் நன்கு அறிந்திருந்தனர்!

நம் மாவட்டத்துக்கு இவ்விதி மிகப் பொருந்தும். தருமபுரிப் பகுதியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல்லிலும் எலும்பிலும் அதன் வடுவைச் சுமப்போர் பலர். அதற்கெனவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பெற்றது. காவிரி நீர் ஊர் எல்லைவரை வந்தாலும், மேல்நிலைத் தொட்டியிலிருந்து கடைசித் தெருக் குழாய்வரை அதனைக் கொண்டு சேர்ப்பது ஊராட்சியின் கடமை. தொட்டியைக் கழுவாமலே கழுவியதாக ஏட்டில் எழுதினால், ஒரு மோட்டார்ப் பழுதுக்கு இருமுறை செலவெழுதினால், தலைவரின் இன்சொல் எவர் தாகத்தைத் தீர்க்கும்? சினக்காரரின் ஏச்சை ஊர் பொறுத்துக்கொள்ளும். கணக்கை மறைப்பவரின் குற்றமோ வெளியே தெரிவதற்குள் ஐந்தாண்டு கழிந்துவிடும்.

ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் ஒப்பமிடல் வேண்டும். அத்துணைத்தலைவரைத் தம்முள் தேர்வோர் வார்டு உறுப்பினர்கள். எனவே தலைவர் தேர்வில் மனம் ஒப்பாதவர் வார்டு வாக்கிலேனும் கருத்தூன்றலாம். அங்கே ஓரிரு வாக்குகளே வெற்றியைத் தீர்மானிப்பதுண்டு. வாக்குகள் சமமானால் இன்றும் குலுக்கல்தான்.

வாக்களியாமையே மேல் என்பார், 2016 முதல் 2019 வரை தேர்தலின்றித் தனி அலுவலர்கள் பொறுப்பிலிருந்த காலத்தை நினைவுகூர்க. குழாயில் நீர் வராதபோது சென்று தட்டுவதற்கு ஊரில் ஒரு தலைவரின் கதவு இல்லை.

சமூகப் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். பள்ளிவாசலுக்குச் சுற்றுச்சுவர், கோயிலுக்கு மணி எனத் தேர்தலுக்குப் பத்து நாள் முன்னர் வருவது கொடையன்று, கடன். அதனைப் பெற்றுக்கொண்டு, "நம்மவர் வாக்கெல்லாம் இவருக்கே" எனச் சொல்லிவிட்டால், பின்னர்க் கிராம சபையில் எழுந்து வரவு செலவு கேட்க எவருக்கு நா எழும்?